சென்னியப்பன் நிறுத்தி வைத்த மெயில்

தம்பி, அந்தப் பையில் இருப்பது கம்ப்யூட்டர்தானே? நினைத்தேன். சங்ககிரியில் ஏறும்போதே பார்த்துவிட்டேன். பின்னால் ஜன்னலோரம் காலியாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். ஒரு சந்தேகம் கேட்கலாமா? பெருந்துறை வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

ஒருவன் மெயில் அனுப்பிவிட்டேன் என்கிறான். இன்னொருவனுக்கு அது வரவில்லை. நடுவில் எங்கே போகும்?

இல்லை, இல்லை, அப்படிப் பொதுவாகச் சொல்லாதீர்கள். எல்லோரும் பொதுவாகத்தான் சொல்கிறார்கள். நான் லாரி ஓட்டிப் பிழைத்தவன். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை, ஆனால் கல்கத்தா வரை லோடு கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். லோடு ஏற்றியாகிவிட்டது, இறக்க வேண்டிய இடத்துக்கு வரவில்லை என்றால் ஏதோ ஒரு செக்போஸ்ட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எந்தச் செக்போஸ்ட் என்பதும் எனக்குத் தெரியும். அதன் பெயர் சென்னியப்பன். ஆதாரம்தான் இல்லை. அதை வாங்கத்தான் கோயம்புத்தூர் போய்க்கொண்டிருக்கிறேன்.

சென்னியப்பன் என் மச்சினன். என் சம்சாரத்துக்குச் சித்தப்பா மகன். எங்கள் சமூகத்துக்கு ஒரு சங்கம் உண்டு, அதற்கு அவன்தான் செயலாளர். வேறு ஆள் கிடைக்கவில்லை. வரன் பார்ப்பதற்கென்று சங்கத்தில் ஒரு வெப்சைட் வைத்திருக்கிறார்கள். அதையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். எங்கள் சனத்தில் இப்போது பெண் கிடைப்பது எப்படி என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பையன்கள் நாற்பதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

என் மகன் பூபதிக்கு வருகிற ஆவணியில் முப்பத்தேழு. சொந்தமாக டயர் ரீட்ரெடிங் பட்டறை. குடி கிடையாது. பார்க்க லட்சணமாக இருப்பான், என்னைப் போல. ஜாதகம் பொருந்தினால் பெண்ணுக்கு ஊர் பிடிக்காது, ஊர் பிடித்தால் டயர் வாசம் பிடிக்காது. போன வருடத்திலிருந்து அவன் யார் கல்யாணத்துக்கும் போவதில்லை. மொய்க் கவரை என் கையில் கொடுத்து, "நீங்க போயிட்டு வாங்கப்பா, எனக்குப் பட்டறையில வேலை கெடக்குது" என்பான். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை? பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரன் கேட்பானே, அதற்குப் பயம். கவரை வாங்கிக்கொண்டு போய்விடுவேன்.

அந்த வெப்சைட்டில் அவன் பெயரைப் போட்டு வருடக்கணக்காகிறது. ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. திடீரென்று ஒருநாள் என் போனுக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது. "உங்கள் வரனுக்கு ஒரு விருப்பம் வந்துள்ளது. உள்ளே சென்று பார்த்துப் பதில் அளிக்கவும்." பெண் வீட்டார் தாமாகவே கேட்டிருக்கிறார்கள், தம்பி! என் சம்சாரம் உடனே சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். நான் உள்ளே போகப் பார்த்தேன். பாஸ்வேர்டு கேட்டது.

பாஸ்வேர்டு என்னிடம்தான் இருந்தது. பூபதியிடம் இருந்தால் வருகிற வரனையெல்லாம் போட்டோ பார்த்தே தள்ளிவிடுவான் என்று நானே மாற்றி வைத்தேன். மறக்கக் கூடாது என்று சென்னியப்பனைத் திட்டி ஒரு வார்த்தை வைத்தேன். அவனைத் திட்டுவதை நான் மறப்பேனா? ஆனால் பாருங்கள், எந்தத் திட்டு என்பது மறந்துவிட்டது. ஒன்றா இரண்டா, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சாதாரணமானதில் ஆரம்பித்து, பஸ்ஸில் சொல்லக்கூடாதது வரைக்கும் போனேன். எதற்கும் திறக்கவில்லை. கடைசியில், "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா? உங்கள் மெயிலுக்கு இணைப்பு அனுப்புகிறோம்" என்று வந்தது. அமுக்கினேன். அனுப்பிவிட்டதாகச் சொன்னது. அன்றைக்கு உட்கார்ந்தவன்தான், மெயில் இன்றுவரை வரவில்லை.

சிரிக்காதீர்கள். அவனை ஏன் திட்டுகிறேன் என்று தெரிந்தால் நீங்களும் ஒன்று சேர்த்துச் சொல்வீர்கள்.

அவன் மகள் கல்யாணம். நான் யார்? மூத்த மச்சான். எங்கள் பக்கம் பத்திரிகை வைப்பது என்றால் புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டுக்கு வரவேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம், அதன் மேல் பத்திரிகை. கிழக்கே பார்க்க நிறுத்திக் கொடுக்க வேண்டும். இவன் எங்கே கொடுத்தான் தெரியுமா? பஸ் ஸ்டாண்டில். கட்டணக் கழிப்பிடத்துக்கு எதிரே. "மச்சான், நல்லவேளை இங்கயே பாத்துட்டேன்" என்று சொல்லி, கக்கத்தில் இடுக்கியிருந்த பையிலிருந்து உருவிக் கொடுத்தான். நல்லவேளையாம்!

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் தட்டோடு வீட்டுக்கே வந்தார்கள் என்று என் சம்சாரம் சொல்வாள். வந்தார்கள். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பத்திரிகை முதலில் எங்கே கொடுத்தது? இரண்டாவதாகக் கொடுத்தது எப்படி முதலாவதாகும்? அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. அவனோடு நான் பேச்சை விட்டும் அவ்வளவு காலமாகிவிட்டது.

சரி, மெயிலுக்கு வருகிறேன். முதலில் என் மேல் தப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். நான் நியாயஸ்தன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் மெஹருன்னிசாவிடம் போனேன். எனக்கு மெயிலே அந்த அம்மாதான் போட்டுக்கொடுத்தது. பொறுமைசாலி.

"ஐயா, ஸ்பேம்ல பாத்தீங்களா?"

"அது எங்க அம்மிணி இருக்குது?"

"வேண்டாத மெயிலெல்லாம் போய் விழற இடங்க. குப்பைக் கூடைன்னு வச்சுக்குங்க."

திறந்து காட்டியது. எனக்கு லண்டனில் பரிசு விழுந்திருந்தது. முடி வளர எண்ணெய் வந்திருந்தது. வெளிநாட்டில் ஒரு விதவை, புருஷன் சொத்தை என் பெயருக்கு எழுதி வைக்கிறேன் என்று எழுதியிருந்தாள். சங்கத்து மெயில் மட்டும் இல்லை. முன்பின் தெரியாத விதவைக்கு என் முகவரி தெரிகிறது, சங்கத்துக்குத் தெரியவில்லை!

அடுத்து, போனில் இடமில்லையோ என்று பார்த்தோம். காலை வணக்கம் படங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. ரோஜாப்பூ, சூரியன், டீ கிளாஸ். எல்லாவற்றையும் அழித்தோம். எனக்கு மனசே இல்லை. மெயில் வரவில்லை. முகவரியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்குமோ என்று பார்த்தோம். எல்லாப் புள்ளியும் இருந்தது. அந்த அம்மாவே கையைக் கட்டிக்கொண்டு, "என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்லைங்கய்யா" என்று சொல்லிவிட்டது.

வெப்சைட் செய்துகொடுத்த கம்பெனி கோயம்புத்தூரில் இருக்கிறது. அவர்களுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள். "சார், எங்க பக்கத்துல இருந்து மெயில் போயிடுச்சு" என்றாள். "போனது செரிம்மா, வந்துச்சா?" என்றேன். "போயிடுச்சு சார்" என்றாள். "எங்க போச்சு?" "உங்களுக்குத்தான் சார்." "எனக்கு வரலையே!" "ஆனா போயிடுச்சு சார்." இப்படியே பேசினோம். நல்ல பெண்தான், குரல் உயர்த்தவில்லை. நான்தான் உயர்த்தினேன்.

ஆக, கோயம்புத்தூரில் லோடு ஏற்றியாகிவிட்டது. சங்ககிரியில் என் போன் சரியாக இருக்கிறது. நடுவில் யார்? சங்கம். சங்கத்தில் யார்? நீங்களே சொல்லுங்கள்.

என் சம்சாரம் அவனிடம் போய்க் கேட்டாள், பெண் எந்த ஊர், யார் வீடு என்றாவது சொல்லு என்று. "அக்கா, பொண்ணு வீட்டு வெவரத்தை நான் வாயில சொல்லக் கூடாதுங்க. சங்கத்து விதி. மச்சானை உள்ள வந்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க, வேற மெயிலே மாத்திக் குடுத்தர்றேன்" என்றிருக்கிறான். பார்த்தீர்களா சூழ்ச்சியை? அவன் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குள் நான் கால் வைக்க மாட்டேன் என்று தெரியும். தெரிந்துதான் உள்ளே வரச் சொல்கிறான்.

ஆனாலும் போனேன். மகனுக்காகப் போனேன். உள்ளே போகவில்லை, ரோட்டிலேயே நின்றுகொண்டேன். அவன் ஜன்னலுக்கு உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். நான் அவனோடு பேசவில்லை, ஜன்னலோடுதான் பேசினேன்.

"மெயில் வரல" என்றேன் ஜன்னலிடம்.

"இதா, உங்க கண்ணு முன்னாலயே அனுப்பறேன் மச்சான். அனுப்பிட்டேன். பாருங்க."

"வரல."

"இன்னொருக்கா அனுப்பறேன். இப்ப?"

"வரல."

எதிரே டீக்கடை. கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவன், "டவர் கெடைக்கலைங்க, வடக்க பாத்து நில்லுங்க" என்றான். வடக்கே திரும்பினேன். இன்னொருவன், "போனை மேல தூக்கிப் புடிங்கண்ணா" என்றான். தூக்கிப் பிடித்தேன். தேர் வடம் பிடிக்கிற மாதிரி நாலு பேர் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். டீ மாஸ்டர் வடையைப் போட்டுவிட்டு வந்து, "வந்துருச்சுங்களா?" என்று கேட்கிறான். வடை கருகிப்போனதுதான் மிச்சம்.

"மச்சான், போனை இப்படிக் குடுங்க, என்னன்னு பாத்துடறேன்" என்று ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டினான். கொடுப்பேனா? என் போனில் அவன் பெயரை எப்படிப் பதிந்து வைத்திருக்கிறேன் என்று அவன் பார்த்துவிட்டால்? திரும்பி வந்துவிட்டேன்.

பதில் சொல்லாவிட்டால் அந்த விருப்பம் தானாகவே ரத்தாகிவிடுமாம். முன்பே ரத்தாகியிருக்க வேண்டியது. எப்படியோ இரண்டு தடவை தேதி தள்ளிப்போட்டு எஸ்.எம்.எஸ். வந்தது. மெஷினுக்கு இருக்கிற இரக்கம் மனிதனுக்கு இல்லை. நேற்று வந்தது, இதுதான் கடைசி என்று. இன்றைக்கு ராத்திரியோடு முடிகிறது. பூபதி, "விடுங்கப்பா, வராட்டிப் போகுது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். மெதுவாகத்தான் சாத்தினான். ஓங்கிச் சாத்தியிருந்தால் நான் இன்று கிளம்பியிருக்க மாட்டேன்.

கம்பெனியில் போய் நேரில் உட்கார்ந்து, சென்னியப்பன்தான் நிறுத்தினான் என்று எழுதி வாங்காமல் எழுந்திருக்கப் போவதில்லை.

என்ன கேட்டீர்கள்? யாரையாவது தடை செய்திருக்கிறேனா? மெயிலிலா? அதற்கும் இதற்கும் என்ன?

ஒரே ஒருவரைத்தான் செய்திருக்கிறேன். அது பழைய கதை. சங்கத்திலிருந்து மாசாமாசம் ஒரு மெயில் வரும். பொதுக்குழு, ரத்ததானம், அன்னதானம் என்று ஏதாவது. கடைசியில், "இப்படிக்கு, சென்னியப்பன், செயலாளர்." காலையில் எழுந்து அந்தப் பெயரிலா விழிப்பது? மேலே மூன்று புள்ளி இருக்கிறது, அதைத் தொட்டால் "அனுப்புநரைத் தடை செய்" என்று வருகிறது. யாரும் சொல்லித் தரவில்லை, நானாகவே கண்டுபிடித்தேன். அமுக்கினேன். அன்றிலிருந்து நிம்மதி. அவன் மெயில் ஒன்றுகூட என் வாசலை மிதித்ததில்லை, குப்பைக் கூடையில்கூட விழுந்ததில்லை.

ஏன் தம்பி நெற்றியைப் பிடித்துக்கொள்கிறீர்கள்? தலைவலியா?

இருங்கள். மறுபடி சொல்லுங்கள். சங்கத்து மெயிலும் பாஸ்வேர்டு மெயிலும் ஒரே முகவரியிலிருந்தா வரும்? அது எப்படி? அவன் எழுதுவது அவன் மெயில். பாஸ்வேர்டு அனுப்புவது மெஷின். ரேஷன் கடைக்காரனோடு நான் பேசவில்லை என்றால் கவர்மெண்ட் என் அரிசியை நிறுத்திவிடுமா?

அப்படியென்றால் செக்போஸ்ட் என் வீட்டு வாசலிலா இருந்தது?

இல்லை தம்பி, அப்படிச் சொல்லாதீர்கள். நான் தடுத்தது அவனை. அவன் போய் மெயில் வருகிற வழியில் நின்றுகொண்டால் அதற்கு நான் என்ன செய்வது? ஒதுங்கி நிற்கத் தெரியாதா? செயலாளர் என்றால் பொறுப்பு வேண்டாமா?

சரி. எடுத்துவிட்டால் வந்துவிடும் என்கிறீர்கள். இந்தாருங்கள் போன். நான் எடுக்க மாட்டேன். என் கையால் அவனுக்குக் கதவு திறந்ததாக இருக்கக் கூடாது. நீங்கள் மூன்றாம் மனிதர், நீங்கள் அமுக்குங்கள். ஒன்று கேட்கிறேன், ஒரே ஒரு மெயிலை மட்டும் உள்ளே விட்டுவிட்டு உடனே சாத்திவிட முடியுமா? முடியும் அல்லவா? அப்படியானால் அமுக்குங்கள்.

இப்போது கேட்டுப் பாருங்கள், மெயிலை. என்ன? "அதிக முறை முயன்றுவிட்டீர்கள், நாளை முயலவும்" என்கிறதா? நாளை எதற்கு? இன்று ராத்திரியோடு முடிகிறதே! வேறு வழியே இல்லையா? சங்கத்தில் இருப்பவர் அங்கிருந்து அனுப்பினால்தான் வருமா?

பவானி பாலம் வந்துவிட்டது. கொஞ்சம் இருங்கள், தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

நம்பர் அதில்தான் இருக்கிறது. "பஸ் ஸ்டாண்ட் பத்திரிகை" என்று போட்டிருக்கும், அதுதான் அவன். நீங்களே கூப்பிடுங்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட வேண்டாம்... சரி, போட்டுவிட்டீர்கள்.

"மச்சான்! சொல்லுங்க மச்சான்!"

"நான் கூப்பிடல. பக்கத்துல ஒரு தம்பி கூப்பிடறாரு."

"செரிங்க மச்சான். தம்பிக்கு என்ன வேணும்னு கேட்டுச் சொல்லுங்க."

"மெயிலு."

"இதா, இப்பவே. சாப்பிட்டுட்டு இருந்தேன், கை கழுவிட்டு வந்தர்றேன்... போட்டுட்டேன் மச்சான். பாருங்க."

வந்துவிட்டது! தம்பி, வந்துவிட்டது! பாருங்கள், மணி அடித்துக்கொண்டு வருகிறது!

"வந்துருச்சுங்களா மச்சான்? அட! இத்தன நாளு வராதது இப்ப எப்படிங்க வந்துச்சு?"

"டவர்தான். பவானிப் பக்கம் டவர் நல்லா இருக்குது. வைக்கிறேன்."

கேட்டீர்களா, எப்படி நோண்டுகிறான் என்று? வைத்துவிட்டானா? நல்லது. நீங்கள் கொஞ்சம் ரோட்டைப் பாருங்கள், நான் புது பாஸ்வேர்டு போட வேண்டும். இந்தத் தடவை மகன் பெயரையே போட்டுவிடுகிறேன்.

திறந்துவிட்டது. கண்ணாடியைக் காணோம், நீங்களே படியுங்கள்.

வளர்மதி. வயது முப்பத்து நாலு. காங்கேயம் பக்கம். அப்பாவும் மகளுமாகச் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறார்கள். நல்ல தொழில். கீழே ஏதோ எழுதியிருக்கிறாளா? அந்தப் பெண்ணேவா எழுதியிருக்கிறாள்? சத்தமாகப் படிக்காதீர்கள், முன் சீட்டுக்காரர் திரும்புகிறார். மெதுவாக.

"உங்கள் மகனின் விவரம் பார்த்தோம். சம்மதமானால் மேற்கொண்டு பேசலாம்." இது முதலாவது. மரியாதையாக இருக்கிறது. அடுத்தது? "பதில் இல்லை. டயர் பட்டறை என்பதால் நாங்கள் தயங்குவோம் என்று நினைக்க வேண்டாம். எனக்குச் செக்கு வாசம் பழக்கம்." அடடா. "செயலாளர் ஐயா, நல்ல குடும்பம், அவர்களுக்கு மெயில் சேரவில்லை, கொஞ்சம் பொறும்மா என்று சொல்லித் தேதியை நீட்டிக் கொடுத்தார். அதனால் காத்திருக்கிறேன்."

என்ன, என்ன? தேதியை நீட்டியது அவனா? அப்படியென்றால் பெண் வீட்டில் போய் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறான்! யாரைக் கேட்டுப் பேசினான்? நல்ல குடும்பம் என்று சொன்னானாம். எந்தக் குரலில் சொன்னானோ!

கடைசியாக ஒன்று இருக்கிறதா? படியுங்கள். "வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதில்கூடச் சொல்லாமல் விட்டவர்கள் பெயரை நான் எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன்."

மறுபடி படியுங்கள், அந்தக் கடைசி வரியை.

தம்பி! என்ன பெண் தம்பி இது! எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டாளாம்! ரோஷம் என்றால் இது ரோஷம். எங்கள் வீட்டுக்கென்றே பிறந்திருக்கிறாள். ஜாதகமே பார்க்க வேண்டாம்.

உடனே பதில் போட வேண்டும். நான் சொல்கிறேன், நீங்கள் அடியுங்கள். "அன்புள்ள அம்மிணிக்கு. சங்கச் செயலாளரின் சூழ்ச்சியால் உங்கள் கடிதம் எனக்குக் கிடைக்காமல்..." ஏன் நிறுத்திவிட்டீர்கள்? அடியுங்கள். ஆமாம், அந்தப் பெண் அவனை ஐயா என்கிறாள். ஆமாம், அவன் சொல்லித்தான் காத்திருக்கிறாள். சூழ்ச்சி என்று போட்டால் நம்மைத்தான் ஒருமாதிரி நினைப்பாள், இல்லையா?

அழித்துவிடுங்கள். "மெயில் வரவில்லை, அம்மிணி. இப்போதுதான் வந்தது. எங்களுக்கு முழுச் சம்மதம். பையன் தங்கம்." யார் தப்பு என்று எதுவும் போட வேண்டாம். கேட்டால் நேரில் பார்த்துக்கொள்ளலாம். அனுப்புங்கள்.

போய்விட்டதா? போனது சரி, சேர்ந்ததா?

பெருந்துறை வந்துவிட்டது, நீங்கள் இறங்க வேண்டுமா? திருப்பூர் ரோடு வரைக்கும் வருகிறீர்களா? நல்லது. உட்காருங்கள். பையனுக்கு இப்போதே சொல்ல வேண்டாம். ஒரு வார்த்தை வரட்டும். இத்தனை தடவை சொல்லிச் சொல்லி ஏமாற்றியிருக்கிறேன்.

அடிக்கிறது! மணி அடிக்கிறது! பாருங்கள், யார்? சங்கத்து முகவரியிலிருந்தா? அந்தப் பெண்ணின் பதில் அதன் வழியாகத்தான் வருமா? படியுங்கள்.

"அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வழியும் நேரமும் இதிலேயே அனுப்புகிறேன். இந்தத் தடவையாவது பார்த்துவிட்டுப் பதில் போடுங்கள்."

போடுகிறேன், தாயே. போடுகிறேன்.

வெயில்தான் கண்ணில் படுகிறது, வேறொன்றும் இல்லை. அந்தத் திரையை இழுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் வேலை கிடக்கிறது என்று சொல்லட்டும், பார்க்கிறேன்.

என்ன தம்பி செய்கிறீர்கள்? எதற்கு அந்த மூன்று புள்ளியைத் தொடுகிறீர்கள்? ஒரு மெயில் வந்ததும் சாத்திவிட வேண்டும் என்று நான்தான் சொன்னேன். இல்லையென்று சொல்லவில்லை. கையை எடுங்கள், சொல்கிறேன். போனை இப்படிக் கொடுங்கள்.

கல்யாணம் முடியட்டும்.